உங்கள் ஃபோர்வர்ட்டுக்கு என்ன கோளாறு? சிறுவர் ஹொக்கியில் அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

நவம்பர் வந்தால் போதும். மூன்றாவது, நாலாவது ஆட்டம் முடிந்து பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு அப்பா கோப்பிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நிற்பார். "அண்ணை, இவன் ஏன் இன்னும் ஒரு கோலும் போடேல்லை?"

கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம், ஹவுஸ் லீக் (யாரும் சேரக்கூடிய உள்ளூர் லீக்) ஐஸ் ஹொக்கிச் சிறுவர் அணிகளின் பெஞ்சில் துணைக் கோச்சாக நிற்கத் தொடங்கி எட்டுக் குளிர்காலம் ஆகிறது. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். ஐஸில் விழாமல் நிற்கப் பழகியதே நாற்பது வயதுக்குப் பிறகுதான். அதனால் பெரிய விளக்கமெல்லாம் என்னிடம் கிடையாது. ஒரே கோளாறு வருஷா வருஷம் வேறு வேறு பிள்ளைகளிடம் வருவதைப் பார்த்ததில், எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்குக் காசு செலவழிக்கக் கூடாது என்று மட்டும் தெரியும். கீழே உள்ளது யு11, யு13 பிரிவுகளுக்கு, அதாவது 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

## எதையும் தொடுவதற்கு முன்

கோல் கணக்கை மூடி வையுங்கள். இந்த வயதில் கோல் போடுவது பெரும்பாலும் ஜனவரியில் பிறந்த உயரமான பிள்ளைதான். பிரிவுகளைப் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பதால், டிசம்பரில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவனோடு ஓடுகிறான்.

ஒரு பீரியட் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) முழுக்க ஒரே ஒரு ஃபோர்வர்ட்டை, அதாவது முன்னால் ஆடிக் கோலுக்குப் போகும் பிள்ளையை, மட்டும் பாருங்கள். பக் (மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டு) எங்கே போனாலும் கண்ணை அவனிடமிருந்து எடுக்காதீர்கள். சின்ன அட்டையில் மூன்று கோடு போட்டு எண்ணுங்கள்: யாருக்கும் சொந்தமில்லாத பக்குக்கு எத்தனை தடவை முதலாவதாகப் போனான், கோலுக்கு முன்னால் நின்றபோது மட்டையின் அலகு எத்தனை தடவை ஐஸில் இருந்தது, பக் பறிபோன பிறகு எத்தனை தடவை திரும்பி ஓடி வந்தான். மூன்று ஆட்டம் இப்படிப் பார்த்தால் கீழே உள்ளவற்றில் எது உங்கள் பிள்ளையின் தலைப்பு என்று தானாகத் தெரியும்.

இந்தப் பார்வை பழக வேண்டுமானால் ஒருநாள் ரொறன்ரோ மார்லீஸ் ஆட்டத்துக்குப் போய் வாருங்கள். பெரிய லீக்கில் ஆடும் மேப்பிள் லீஃப்ஸுக்குக் கீழே இருக்கும் அமெரிக்கன் ஹொக்கி லீக் அணி அது. எக்ஸிபிஷன் மைதானத்துக்குள் ஆடுகிறார்கள், டிக்கெட்டும் அவ்வளவு விலை இல்லை. அந்த லீக்கில் கோலிகளை (கோல் காப்பவர்களை) தவிர்த்துக் களமிறங்கும் 18 பேரில் 13 பேராவது தொழில்முறை அனுபவம் குறைந்த, வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. ஆகவே நம் பிள்ளைகள் விடும் பிழைகளையே இருபத்தொரு வயதுப் பெடியன் வேகமாக விடுவதை அங்கே பார்க்கலாம். பக் இல்லாத ஒரு விங்கரை (ஓரத்தில் ஆடும் ஃபோர்வர்ட்டை) 20 நிமிடம் பாருங்கள். முதல் 5 நிமிடம் அலுக்கும். அப்புறம் விட மனம் வராது.

## அறிகுறி 1: விழுந்து விழுந்து ஓடுகிறான், பக் மட்டும் கிடைப்பதில்லை

அலகின் கூர். முதலில் ஸ்கேட்டைக் கையில் எடுங்கள். அலகின் விளிம்புக்குக் குறுக்காக நகத்தை மெல்ல இழுத்தால் மெல்லிய சீவல் வர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கூர் இல்லை. ஐஸில் எட்டு, பத்து மணி நேரம் ஓடினால் தீட்ட வேண்டும் என்பது என் கணக்கு. உடைமாற்றும் அறையிலிருந்து கழிவறைக்கு உறை போடாமல் சீமெந்துத் தரையில் நடந்தால் அந்தக் கணக்கு அன்றைக்கே முடிந்தது.

இரண்டு விளிம்பும் சமமா. ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, அலகின் மேல் ஒரு நாணயத்தைக் குறுக்காக வைத்துக் கண் மட்டத்தில் பாருங்கள். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் தீட்டியவர் பிழை விட்டிருக்கிறார். வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் விழுகிற பிள்ளைகளிடம் இதை முதலில் பாருங்கள். ஒரு பெடியன் அரை சீசன் இடப்பக்கமாக மட்டுமே வட்டமடித்துக்கொண்டிருந்தான். பயந்தவன் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். திரும்பத் தீட்டியதோடு பயமும் போய்விட்டது.

கடையில் தீட்டக் கொடுக்கும்போது அலகின் அடியில், இரண்டு விளிம்புக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தின் ஆழத்தையும் சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் அரை அங்குல அளவில் தீட்டித் தருவார்கள். மெலிந்த பிள்ளைக்கு அது பிடிக்காமல் வழுக்கும். எட்டில் மூன்று அங்குலம் கேட்டுப் பாருங்கள், பிடிப்புக் கூடும். இந்த எண் பள்ளத்தின் வளைவு ஆரம், அதனால் எண் சிறிதானால் பள்ளம் ஆழம் என்பதை நினைவில் வையுங்கள்.

அளவு. இது நம்மவரின் தனி வியாதி. "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே இரண்டு சோடி காலுறை போட்டு விடுவோம். பாடசாலைச் சட்டைக்கு அது சரி. ஸ்கேட் பொதுவாகச் சப்பாத்து அளவை விட ஒன்று, ஒன்றரை சிறிதாக இருக்க வேண்டும். கயிற்றைத் தளர்த்தி, பிள்ளையின் கால்விரல்களை முன்னால் முட்டவைத்து, குதிக்குப் பின்னால் உங்கள் விரலை விடுங்கள். ஒரு விரல் போகலாம். இரண்டு போனால் அவன் படகுக்குள் நின்று ஓடுகிறான். புதிது வாங்க மனமில்லையா, பாவித்த ஸ்கேட் விற்கும் கடைக்குப் போங்கள். இந்த வயதில் ஒரு சீசன் ஓடிய ஸ்கேட் தேய்ந்து போவதில்லை.

கயிறு. கணுக்காலுக்கு மேலே கல்லுப் போல இறுக்கிக் கட்டியிருந்தால் முழங்கால் மடியாது. கட்டிய பிறகு பிள்ளையைக் குந்தச் சொல்லுங்கள். குந்த முடியாவிட்டால் மேல் இரண்டு துளைகளைத் தளர்த்துங்கள்.

பாதை. உபகரணம் எல்லாம் சரி, இன்னும் பிந்துகிறான் என்றால், பக் *இருக்கும்* இடத்துக்கு ஓடுகிறான். அது *போகப்போகும்* இடத்துக்கு ஓடவில்லை. அட்டையில் அவன் ஓடிய வழியை வரையுங்கள். நூல்கண்டு போலச் சிக்கலாக வந்தால் இதுதான் காரணம். பயிற்சியில் ஓடிப்பிடித்து விளையாடவிடுங்கள், பக் இல்லாமல். ஒருவனை மறித்துப் பிடிக்கப் பழகினவனுக்குப் பக்கை மறிப்பதும் வந்துவிடும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: இவ்வளவும் பார்த்து ஆறு கிழமை ஆகியும் ஓடத் தொடங்கும் முதல் மூன்று அடி மந்தமாகவே இருந்தால், ஸ்கேட்டிங் மட்டும் சொல்லித்தரும் பயிற்சியாளரிடம் போகலாம். குழு வகுப்புப் போதும். தனி வகுப்புக் காசு இந்த வயதுக்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். கணுக்கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பயிற்சியாளரை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

## அறிகுறி 2: கோலுக்கு முன்னால்தான் நிற்கிறான், கோல் வருவதில்லை

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பத்தில் ஏழு தடவை மட்டையோடு முடிகிற விஷயம்.

நீளம். ஸ்கேட் போட்டு நிற்கும்போது மட்டையின் நுனி நாடியளவில் இருக்க வேண்டும். வெறுங்காலில் என்றால் மூக்களவு. நீளம் சரியா என்று மட்டையே சொல்லும். அலகின் அடியில் சுற்றிய டேப்பைப் பாருங்கள். குதிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மட்டை பெரும்பாலும் நீளம், முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. முனைப்பக்கம் தேய்ந்தால் கட்டை. நடுவில் தேய்ந்தால் அதைத் தொடாதீர்கள்.

வளைவு. மட்டையில் ஒரு எண் எழுதியிருக்கும், 30, 40, 50 என்று. அது வளைய எவ்வளவு பலம் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பிள்ளையின் எடையை இறாத்தலில் எடுத்துப் பாதியாக்குங்கள், அதற்குக் கிட்ட இருந்தால் நல்லது. 70 இறாத்தல் பிள்ளைக்கு 35 போல. இப்போது நம்மவர் செய்வது: பெரியப்பா மகனின் பழைய 75 மட்டையை வாளால் அறுத்துக் கொடுப்பது. அறுத்தால் மட்டை இன்னும் விறைக்கும். அந்தப் பிள்ளை ஷொட் அடிக்கவில்லை, அலவாங்கால் பக்கைத் தள்ளுகிறது. சோதனை சுலபம்: அலகை ஐஸில் ஊன்றி, கீழ்க்கையால் தன் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தச் சொல்லுங்கள். தண்டு கண்ணுக்குத் தெரிய வளைய வேண்டும்.

எந்தக் கை. கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரருக்கு வலக்கை கீழே இருக்கும். அந்தப் பழக்கத்தில் நாம் கடையில் வலப்பக்க மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கனடாவில் வலக்கைப் பிள்ளைகளிலேயே பலர் இடப்பக்கம் அடிப்பவர்கள்; பலமான கை மேலே நின்று மட்டையைத் திருப்புகிறது. இரண்டுமே சரிதான், ஆனால் தேர்வு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். வீட்டில் தும்புத்தடியைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். எந்தக் கை தானாகக் கீழே போகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு மாற்றப் போகாதீர்கள், நான் ஒருமுறை போய் ஒரு சீசனை வீணாக்கினேன்.

அலகு ஐஸில் இருக்கிறதா. இதற்குத்தான் அட்டையில் இரண்டாவது கோடு. கோலுக்கு முன்னால் ஈட்டி பிடித்த காவல்காரன் மாதிரி மட்டையை இடுப்பளவில் வைத்திருந்தால், கோலியில் பட்டுத் திரும்பும் பக் காலடியால் போய்விடும். திருத்தம் இரண்டே வார்த்தை: "மட்டை கீழே." ஆட்டத்துக்கு இருபது தடவை சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லாதீர்கள்.

பாஸ் வருகிறதா. விங்கரின் கோல் வறட்சிக்குச் சென்டர் (நடுவில் ஆடும் ஃபோர்வர்ட்) காரணமாக இருப்பது சர்வசாதாரணம். ஒரு ஆட்டத்தில் அவன் ஆளில்லாமல் நின்ற தடவைகளையும், அப்போது பக் வந்த தடவைகளையும் எண்ணுங்கள். எட்டுக்கு ஒன்று என்றால் திருத்த வேண்டியது அவனையல்ல. வரிசையை மாற்றி, பாஸ் கொடுக்கும் சென்டரோடு இரண்டு ஆட்டம் விடுங்கள். அந்தச் சென்டரின் அம்மா அப்பா கோபிப்பார்கள். பரவாயில்லை.

கோலியின் நெஞ்சிலேயே அடிக்கிறானா. அடிக்கும் கணத்தில் கண் பக்கில் இருக்கிறது. தலையை நிமிர்த்தும்போது பெரிதாகத் தெரிவது கோலி, அதனால் அங்கேயே போகிறது. வாகனத் தரிப்பறையில் ஒரு வழுக்குப் பலகை போட்டு, தொங்கவிட்ட பழைய கம்பளத்தில் நாலு மூலைக்கும் நிறம் பூசி, "சிவப்பு", "நீலம்" என்று நீங்கள் சொல்ல அடிக்கட்டும். நாளுக்கு ஐம்பது போதும். கதவைத் திறந்து வைத்து அடிக்க விடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனாலும் கதவு கதவுதான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஷொட் பயிற்சிக்கு இந்த வயதில் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. மட்டை வாங்கும்போது மட்டும் நல்ல கடைக்காரரிடம் பிள்ளையை ஸ்கேட்டோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

## அறிகுறி 3: எப்போதும் ஓஃப்சைட்

முதலில் விதி தெரியுமா என்று கேளுங்கள். வெட்கத்தில் தெரியும் என்பான். மேசையில் உப்புப் போத்தலையும் நாணயத்தையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக் கோட்டைப் பக் தாண்டுவதற்கு முன் இரண்டு ஸ்கேட்டும் தாண்டிவிட்டால் ஓஃப்சைட். ஒரு ஸ்கேட் கோட்டில் இருந்தால் ஓஃப்சைட் இல்லை.

தெரிந்தும் நடந்தால், அவன் கோட்டை நோக்கி நேராக அம்பு மாதிரிப் போகிறான். கோட்டுக்குக் கிட்ட வந்ததும் அதன் நீளவாக்கில் பக்கவாட்டாக ஓடப் பழக்குங்கள். வேகமும் குறையாது, காத்திருக்கவும் முடியும்.

மூன்றாவது காரணத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை: பக் வைத்திருப்பவன் நீலக் கோட்டில் வந்து வித்தை காட்டுகிறான். விசில் விங்கருக்கு, குற்றம் அவனுக்கு. "கோட்டில் விளையாடாதே, உள்ளே போட்டுவிட்டு ஓடு" என்று சொல்லிப் பாருங்கள். ஓஃப்சைட் பாதியாகக் குறையும்.

## அறிகுறி 4: தற்காப்புக்கு வருவதேயில்லை

நடுக்கோட்டில் நின்று பக்குக்குக் கை காட்டிக்கொண்டிருப்பான். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், எங்கே வந்து நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் "திரும்பி வா" என்றுதான் கத்துகிறோம், எங்கே என்று சொல்வதில்லை. விங்கர் என்றால் எதிரணியின் டிஃபென்ஸ்காரன் நீலக் கோட்டில் நிற்பானே, அவனுக்கும் நம் கோலுக்கும் நடுவில், தன் பக்கத்துச் சுவரை விட்டுத் தூரப் போகாமல். சென்டர் என்றால் இன்னும் கீழே, கோலுக்கு முன்னால்.

சொல்லியும் வராவிட்டால் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள், அது அறிகுறி 6. மூச்சும் சரி என்றால் கோலுக்குக் காசு கொடுப்பதாக வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேளுங்கள், சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள். திரும்பி ஓடி வருவதற்குக் காசு கொடுக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: மூலைக்குப் போக மாட்டேன் என்கிறான்

ஹவுஸ் லீக்கில் உடலால் மோதித் தள்ளுவதற்கு அனுமதி இல்லை. ஆனால் ஐஸ் தளத்தின் மூலையில் இடிபடத்தான் செய்யும்.

கவசத்தைத் தொட்டுப் பாருங்கள். தலைக்கவசம் ஆடினால், முழங்கைக் கவசம் மணிக்கட்டு வரை இறங்கினால், பயம் நியாயமானது. விழத் தெரியுமா என்று பாருங்கள். பயிற்சியின் முதல் 5 நிமிடம் வேண்டுமென்றே விழுந்து எழும்ப விட்டால் பாதிப் பயம் தெளியும். மூலையிலிருந்து ஐஸுக்கு முதுகு காட்டி நிற்காமல், தோளை முதலில் சுவரோடு சேர்க்கப் பழக்குங்கள்.

கண். எங்கள் அணியில் ஒரு பெண்பிள்ளை, கிட்ட வரும் பாஸ் எல்லாம் பிடிப்பாள், தூரத்துப் பாஸ் எல்லாம் தவறும், மூலையில் தடுமாறுவாள். இரண்டு மாதம் கழித்துத்தான் கண்ணாடி தேவை என்று தெரிந்தது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயது வரை வருஷத்துக்கு ஒரு கண் பரிசோதனை ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) அட்டைக்கு இலவசம். சீசன் தொடங்க முன் செய்துவிடுங்கள்.

இங்கே நிறுத்துங்கள்: முன்பு மூலைக்குப் போனவன் *திடீரென்று* போக மறுத்தால், தலையில் அடிபட்டதா என்று முதலில் கேளுங்கள். தலையிடி, வெளிச்சம் கூசுதல், சத்தி, பெஞ்சில் மந்தமாக இருத்தல், காரணமில்லாத அழுகை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இது என் கருத்து அல்ல, சட்டம். ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடி, 2013இல் 17 வயதில் இறந்த ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயரால் 2018இல் ஒன்ராறியோ கொண்டுவந்தது. சந்தேகம் இருந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். மருத்துவரோ நேர்ஸ் பிராக்டிஷனரோ ஆடலாம் என்று சொல்லும் வரை திரும்ப விட முடியாது. "ஃபைனலுக்கு மட்டும் விடுங்கோ அண்ணை" என்று கேட்கும் அப்பாமாரிடம் நான் வாதாடுவதில்லை. காயங்களைப் பார்க்கும் அணியின் ட்ரெய்னரைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

## அறிகுறி 6: முதல் பீரியட்டில் புலி, மூன்றாவதில் பூனை

ஷிஃப்ட், அதாவது ஒரு தடவை ஐஸில் இறங்கி ஆடிவிட்டு வரும் நேரம், எவ்வளவு நீளம் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். பெரியவர்களே 45 நொடி போல ஓடிவிட்டு வந்து உட்காருகிறார்கள். நம் பிள்ளைகள் கூப்பிட்டாலும் வராமல் 2 நிமிடம் நிற்பார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். மணி அடித்து ஆள் மாற்றும் லீக் என்றால் அது உங்கள் கையில் இல்லை. முழு வேகத்தை எங்கே போடுவது என்று சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. காலை 7 மணி ஆட்டத்துக்கு 6 மணிக்குப் புட்டும் முட்டைப் பொரியலும் கொடுத்துக் கூட்டி வந்தால், அந்தப் பிள்ளை புட்டோடுதான் ஓடும். ஒரு வாழைப்பழம், ஒரு துண்டுப் பாண், தண்ணீர். புட்டு வீட்டில் காத்திருக்கும்.

எப்போது மருத்துவர்: ஷிஃப்ட் முடிந்து பெஞ்சில் இருமுகிறானா, மூச்சில் விசில் சத்தம் வருகிறதா, வீட்டுக்குப் போகும் வழியிலும் இருமுகிறானா? ரிங்கின் குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. உடற்தகுதி போதவில்லை என்று ஓட விடாதீர்கள், குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். பம்ப் கொடுத்தால் ஒன்று ட்ரெய்னரின் பைக்குள் இருக்கட்டும்.

## அறிகுறி 7: பயிற்சியில் கெட்டிக்காரன், ஆட்டத்தில் ஆளைக் காணோம்

ஆட்டத்தின்போது பிள்ளையின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். விசில் அடித்ததும் பெஞ்சைப் பார்த்தால் சரி. பார்வையாளர் பக்கம் பார்த்தால் காரணம் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கே உட்கார்ந்திருந்தது நான். மகன் யு9இல் ஆடிய வருஷம் கண்ணாடிச் சுவரில் தட்டித் தட்டி "அடிடா, அடி! விட்டிட்டியேடா!" என்று கத்திக்கொண்டிருந்தேன். கோச் ஆங்கிலத்தில் பாஸ் கொடு என்கிறார், அப்பா தமிழில் அடி என்கிறார். பிள்ளை நடுவில் நின்று இரண்டையும் செய்யவில்லை. அந்தக் கோச் என்னிடம் ஒன்றும் குறை சொல்லவில்லை. பெஞ்சின் கதவைத் திறந்து மூட ஆள் தேவை, வர முடியுமா என்று மட்டும் கேட்டார். கதவைத் திறந்து மூடுகிறவனுக்குக் கத்த நேரம் கிடையாது. நான் பெஞ்சுக்கு வந்த கதை அதுதான்.

ஆகவே சோதனை: இரண்டு ஆட்டத்துக்கு அப்பா வரக் கூடாது, அம்மம்மா கூட்டிக்கொண்டு வரட்டும். வித்தியாசம் தெரிந்தால் அந்த அப்பாவுக்கு ஒரு கதவு கொடுங்கள்.

## எதுவும் சரிவராவிட்டால்

சீசன் பாதி போயிருக்கும். மட்டை சரி, ஸ்கேட் சரி, கண் சரி, அப்பா சரி. இன்னும் அட்டையில் முதல் இரண்டு கோடும் காலி. மூன்றாவது மட்டும், அதாவது திரும்பி ஓடி வருவது மட்டும், நிரம்பி வழிகிறது. அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு நாலு ஆட்டம் டிஃபென்ஸில் விடுங்கள். வீட்டில் சொல்லும்போது "இறக்கிவிட்டோம்" என்ற சொல் வாயில் வரக் கூடாது. போன வருஷம் அப்படி மாற்றிய ஒருவனை இந்த செப்டம்பரில் ஃபோர்வர்ட்டாகத் திரும்ப வருகிறாயா என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் பின்பக்கமாக ஸ்கேட் பண்ணிக்கொண்டே போய்விட்டான்.